மீன்பிடி மானியப் பேச்சுவார்த்தையில் மீன் தெரிந்தவர்களின் பங்கு

ஒரு அண்ணன் தன் பதிவில், உலக வர்த்தக அமைப்பில் (டபிள்யூடிஓ) மீன்பிடி மானியம் பற்றிப் பேசுவது டெல்லி வர்த்தகத் துறை அதிகாரிகள் மட்டுமே, மீன் தெரிந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை என்று எழுதியிருக்கிறார். ராமேஸ்வரம், பாம்பன் குழுக்களில் இது வேகமாகப் பரவுவதால் சொல்கிறேன்.

பேச்சுக்குத் தலைமை வர்த்தகத் துறைதான், அது சரி. சட்ட, பொருளாதார ஆய்வுக்கு 1999-ல் தொடங்கிய டபிள்யூடிஓ ஆய்வு மையம் அவர்களிடம் உண்டு. ஆனால் விஷயத்தின் உயிர் மீன்வளக் கணக்கில் இருக்கிறது. டபிள்யூடிஓ-வின் 2022 மீன்பிடி மானிய ஒப்பந்தத்தின் 4-வது பிரிவு, அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்வளத்தை (அதாவது ஒரு பகுதியில் வாழும் ஒரு மீன் இனக் கூட்டத்தை) பிடிக்க மானியம் கூடாது என்கிறது. நம் கடலில் எந்த மீன் அந்த நிலையில் இருக்கிறது என்பதை நம் நாடே, கையிலுள்ள அறிவியல் சான்றை வைத்து முடிவு செய்யலாம். 8-வது பிரிவு இன வாரியான பிடிப்புக் கணக்கையும் கேட்கிறது.

அந்தக் கணக்கு 1947-ல் தொடங்கி, பல ஆண்டுகள் நம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. இறங்குதளத்தில் வந்து நின்று காரல் எவ்வளவு, எந்த வலை என்று குறிப்பவர்கள் அவர்கள்தான். 2022-க்கான அவர்களின் அறிக்கை 135 மீன்வளங்களை மதிப்பிட்டு, 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்கிறது. இந்தக் கணக்கு இல்லாமல் போனால் நம் வாதம் வெறும் பேச்சாகிவிடும்.

பேச்சில் மீன் தெரிந்த ஆள் போதுமா என்பது நியாயமான வேறு கேள்வி.

சரிபார்க்க: டபிள்யூடிஓ தளத்தில் ஒப்பந்தத்தைத் திறந்து 4.2, 8.1 இரண்டையும் படியுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் தளத்தில் 2022 மீன்வள நிலை அறிக்கையைப் பாருங்கள். இரண்டும் இலவசம்.