அந்தக் கடைசி /24-ஐயும் பிடுங்கிக்கொள்ளுங்கள்

"புதுசா வர்றவங்களுக்கு எதுக்கு ஐபிவி4? ஐபிவி6 கொட்டிக் கிடக்கு, எடுத்துக்கட்டும். ஒதுக்கீட்டை மூடிட்டு மிச்சத்தை மார்க்கெட்ல விடுங்க."

நேற்று ஒரு பெரியவர் மைக் பிடித்துச் சொன்னது இது. இணையத்தில் ஒரு கருவியை அடைய எண் முகவரி வேண்டும். ஐபிவி4 பழைய முறை, முகவரி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஐபிவி6 புதிய முறை, தீராத அளவு இருக்கிறது. முகவரிகளைப் பங்கிடும் பதிவகங்கள் புதியவர்களுக்கென்று கொஞ்சம் ஐபிவி4 ஒதுக்கி வைக்கின்றன. அதை மூடி, முகவரிகளை விலைக்கு விற்கும் மார்க்கெட்டில் விடச் சொல்கிறார். கைதட்டல் வேறு. பேசியவரின் நிறுவனம் உட்கார்ந்திருக்கும் முகவரிகளைக் கணக்குப் போட்டுவிட்டு யாராவது கைதட்டியிருந்தால் பரவாயில்லை.

ஒரே விஷயம்தான் சொல்ல வந்தேன். ஐபிவி6-க்கு மாறுவதற்கே கொஞ்சம் ஐபிவி4 வேண்டும். கொஞ்சம்தான். ஒரு /24, அதாவது 256 முகவரிகள் கொண்ட தொகுதி (கோட்டுக்குப் பின் எண் சிறியதானால் தொகுதி பெரியது). அது இல்லாமல் "மாறிக்கொள்" என்பது, ஏறி முடித்த பிறகு ஏணியை எட்டி உதைப்பது.

ஏன் வேண்டும்? புதிதாக ஒருவர் இணைய சேவை தொடங்குகிறார், வாடிக்கையாளருக்கு ஐபிவி6 மட்டும் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் ஐபிவி4 மட்டும் பேசும் தளங்கள் இன்னும் ஏராளம். அங்கே போக, ஐபிவி6 போக்குவரத்தை ஐபிவி4 ஆக மாற்றும் நாட்64 வேண்டும். நாட்64-இன் வெளிப்பக்கம் எந்த முகவரியில் நிற்கும்? ஐபிவி4-இல்தான். தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் அவருடைய டிஎன்எஸ் சர்வரை ஐபிவி4 மட்டும் உள்ளவர்கள் எப்படி அடைவார்கள்? மெயில் எப்படி வந்து சேரும்? மைக் பிடித்த பெரியவர் இதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லமாட்டார்.

கணக்கையும் போட்டே காட்டுகிறேன். போர்ட் என்பது ஒரே முகவரியில் பல இணைப்புகளைப் பிரித்தறியும் எண், அதனால்தான் ஒரு முகவரியைப் பலர் பகிரலாம். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட். முதல் 1,024-ஐ விலக்கி வைத்தால் 64,512. ஆளுக்கு 1,008 போர்ட் கொண்ட பிளாக்காகக் கொடுத்தால் ஒரு முகவரியில் 64 வாடிக்கையாளர்கள். /24-இல் 192 முகவரிகளை நாட்64-க்கு விட்டால் 12,288 பேர். மீதி 64-இல் டிஎன்எஸ், மெயில், ரூட்டர், சொந்த சர்வர் எல்லாம் அடங்கிவிடும். ஒரு சின்ன நிறுவனம் பல வருடம் ஓட்டலாம். இதைத்தான் "பேராசை" என்கிறார்கள்.

"ஆளுக்கு 256 போர்ட் கொடுத்தால் நாலு மடங்கு பேர் வருவார்களே?" வருவார்கள், திட்டவும் செய்வார்கள். ஒரு வீட்டில் நாலு போன், ஒரு டிவி. ஒவ்வொரு ஆப்பும் பத்து இருபது இணைப்பு திறக்கும். முடிந்த இணைப்பின் போர்ட்டும் உடனே திரும்பி வராது. யுடிபி (தரவு அனுப்பும் ஒரு முறை) இணைப்புக்குக் கொடுத்த போர்ட்டை 2 நிமிடத்துக்குள் வெட்டக்கூடாது, 5 நிமிடம் வைப்பதே நல்லது. சும்மா கிடக்கும் டிசிபி (இன்னொரு முறை) இணைப்பை 2 மணி 4 நிமிடம் தாங்க வேண்டும் என்பது நாட் எனும் முகவரிப் பகிர்வுக்கான விதிமுறை. போர்ட் தீர்ந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கம் பாதி திறக்கும், படம் வராது, "நெட் ஸ்லோ" என்று போன் வரும்.

"/24 கூட எதுக்கு, /28 போதுமே?" எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் அறிவித்துக்கொள்ளும் உலக ரூட்டிங்கில் /24-ஐவிடச் சின்ன அறிவிப்பைப் பெரும்பாலானோர் வடிகட்டிவிடுவார்கள். /28 கையில் இருந்தும் பிஜிபியில் (அந்த வழிகளை அறிவிக்கும் முறை) போகாது. இணைப்பு தரும் மேல் நிறுவனத்தின் காலடியில்தான் கிடக்க வேண்டும். அவரை விட்டு விலகினால் மொத்த முகவரியையும் மாற்ற வேண்டும். அவருடைய பிளாக்கில் வேறு எவனாவது ஸ்பேம் அனுப்பியிருந்தால் அந்தப் பெயரும் உங்களுக்குத்தான்.

இது புதுசாக யாரும் கண்டுபிடித்த சலுகை இல்லை. 2011 பிப்ரவரி 3 அன்று, உலக முகவரிக் கையிருப்பை நிர்வகிக்கும் ஐயானா கடைசி ஐந்து /8-களை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக் கணக்கை முடித்தது. ஆசிய பசிபிக் பதிவகமான ஏபிநிக் அந்த ஏப்ரலிலேயே கடைசி /8-க்கு வந்து, ஒரு உறுப்பினருக்கு அதிகபட்சம் /22 என்று கையைச் சுருக்கியது. 2019-இல் அதுவும் /23 ஆனது. ஐரோப்பிய வட்டாரப் பதிவகமான ரைப் என்சிசி 2019 நவம்பர் 25-இல் காலியாகி, இதுவரை ஐபிவி4 வாங்காதவருக்கு மட்டும் வரிசைப்படி ஒரு /24 என்று வைத்தது. வட அமெரிக்கப் பதிவகமான ஆரின் ஒரு /10-ஐயே ஐபிவி6 மாற்றத்துக்கென்று எடுத்து வைத்தது. டிஎன்எஸ், மொழிபெயர்ப்புக் கருவி போன்ற தேவைக்கு மட்டும். இவர்கள் எல்லோருக்கும் விவரம் தெரியாது, நேற்று மைக் பிடித்தவருக்குத்தான் தெரியும் போல.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். "ஒதுக்கீட்டை ஏமாற்றுகிறார்கள்." உண்மை. ஐரோப்பாவில் ஒரே நிறுவனம் பல கணக்கு திறந்து ஒவ்வொன்றுக்கும் /22 வாங்கியது நடந்தது. அமெரிக்காவில் பெயரளவு நிறுவனங்களைக் காட்டி சுமார் 7.57 லட்சம் முகவரிகளைச் சுருட்டியதை 2019-இல் ஆரின் வெளியிட்டது. ஆனால் கவனியுங்கள், சுருட்டியது எதற்கு? அதே மார்க்கெட்டில் விற்கத்தான். நோய்க்கு மருந்து நோயேவா? ஏபிநிக் தன் கடைசி /8 ஆன 103/8 முகவரிகளை ஐந்து வருடம் கைமாற்றக்கூடாது என்று பூட்டியது. பூட்டு போடுங்கள், கதவையே ஏன் சுவராக்குகிறீர்கள்?

"மார்க்கெட் சரியான கைக்குக் கொண்டுசேர்க்கும்." ஆஹா. திவாலான தொலைத்தொடர்பு நிறுவனம் நார்ட்டெலிடம் 2011-இல் மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது, ஒன்று 11.25 டாலர். எம்ஐடி 80 லட்சம் முகவரிகளை விற்றபோது வாங்கியது அமேசான். அதே அமேசான் தன் கிளவுட் சேவையில் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாடகை வாங்குகிறது, மாதம் சுமார் 3.60. இதுதான் சரியான கை. குற்றம் சொல்லவில்லை, அவர்கள் வியாபாரிகள். ஆனால் இதைப் பொதுநலம் என்று எங்களிடமே விற்காதீர்கள்.

"எதிர்காலத்துக்கென்று பூட்டி வைத்த 240/4 தொகுதி சும்மா கிடக்கிறதே, அதைத் திறக்கலாமே?" 26.8 கோடி முகவரிகள்தான். பழைய ரூட்டரும் இயங்குதளமும் அதைக் கண்டாலே தூக்கி எறியும். அந்த முகவரியை வாங்குபவன் பாவம். அடுத்தது.

ஐபிவி6-ஐ நான் எதிர்ப்பதாகச் சிலர் இன்று மாலைக்குள் எழுதுவார்கள். எழுதுங்கள். ஐபிவி6 மட்டும் கொடுத்து நெட்வொர்க் நடத்துவதில் என்ன அடிபடும் என்று தெரிந்துதான் பேசுகிறேன். ஐபிவி4 தளத்தின் பெயருக்கு ஐபிவி6 முகவரி உருவாக்கித் தரும் டிஎன்எஸ்64 மட்டும் போட்டால், ஐபிவி4 எண்ணை நேரடியாகக் குறியீட்டில் எழுதி வைத்த ஆப் செத்துவிடும். அதனால் வாடிக்கையாளர் பக்கத்திலேயே ஐபிவி4-ஐ ஐபிவி6 ஆக்கும் 464எக்ஸ்லாட் வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டு) முன்னால் வரும் ஐபிவி6 தலைப்பு 40 பைட், ஐபிவி4-க்கு 20. மாற்றும்போது 1,500 பைட் பாக்கெட் 1,520 ஆகும், வழக்கமான 1,500 வரம்பைத் தாண்டும். வழியில் யாரோ ஒரு புத்திசாலி "பாதுகாப்பு" என்று, பாக்கெட் பெரிது எனத் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை அடைத்து வைத்திருப்பார். பிங் போகும், லாகின் பக்கம் வரும், பெரிய பக்கம் மட்டும் தொங்கும். இதை எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) சிக்கல் என்று கண்டுபிடிப்பதற்குள் வாடிக்கையாளர் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு மாறுகிறவர்கள் யார்? கையில் ஐபிவி4 இல்லாத புதியவர்கள். மாறாமல் சுகமாக இருப்பவர்கள் யார்? /16 /16-ஆக வைத்திருப்பவர்கள். தங்கள் தளத்துக்கு ஐபிவி6 முகவரிப் பதிவு ஒன்று போட மனசில்லாதவர்கள் ஐபிவி6 பற்றி வகுப்பெடுக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் 2000-இல் ஒரு முழு /8-ஐத் திருப்பிக் கொடுத்தது சார். ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள், சும்மா. நீங்கள் ஒரு /20 கொடுங்கள் பார்க்கலாம்.

புதியவர்களைப் பற்றி "இலவசமாகக் கேட்டு நிற்கிறார்கள்" என்கிற வார்த்தைதான் உறுத்துகிறது. உறுப்பினர் கட்டணம் கட்டி, நெட்வொர்க் வரைபடம் கொடுத்து, வரிசையில் நின்று வாங்குவது இலவசமா? தொண்ணூறுகளில் ஒரு படிவத்தை நிரப்பி /16 வாங்கியதற்குப் பெயர் என்ன?

விதி வேண்டுமானால் இப்படிப் போடுங்கள்: ஒரே உரிமையாளரின் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு /24. ஐந்து வருடம் கைமாற்றத் தடை. ஆறு மாதத்துக்குள் ஐபிவி6 பிளாக் பிஜிபியில் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் /24 திரும்பிவிடும். இதற்குச் சம்மதிக்காத புதியவர் ஒருவரைக் காட்டுங்கள்.

பி.கு: "/24 கைவசம் இருக்கு, வேணுமா?" என்று இன்பாக்ஸில் வரும் தரகர்கள் உடனடியாக பிளாக் செய்யப்படுவார்கள்.