உச்சவேகத்தை மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள்

3ஜி காலத்தில் டேட்டாவுக்கு இரண்டு போட்டி முறைகள். ஜி.எஸ்.எம். பக்கத்து எச்.எஸ்.டி.பி.ஏ.வின் உச்சவேகம் நொடிக்கு 14.4 மெகாபிட், சி.டி.எம்.ஏ. பக்கத்து ஈ.வி.டி.ஓ.வுக்கு 2.4 மெகாபிட். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "சி.டி.எம்.ஏ. பக்கம் அப்பவே தோத்துப்போச்சு" என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது. முதலாவதுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் வேண்டும். இரண்டாவது 1.25-லேயே ஓடும். வகுத்தால் ஹெர்ட்ஸுக்கு 2.88 பிட், 1.97 பிட். ஆறு மடங்கு வித்தியாசம் ஒன்றரை மடங்காகிவிடும். அந்த 14.4-கூட, டவர் தன் அலையைப் பலருக்குப் பங்குபோடும் 15 குறியீடுகளும் ஒரே போனுக்குக் கிடைத்து, பிழைதிருத்தத்துக்கு ஏறக்குறைய எதுவுமே ஒதுக்காமல் இருந்தால் வருகிற கணக்கு. 3.6 மெகாபிட் வகைப் போன்களால் வாங்க முடிந்தது 5 குறியீடுதான்.

ஈ.வி.டி.ஓ.வுக்குரிய பெருமையைக் கொடுத்தாக வேண்டும். போன் தனக்கு வரும் சிக்னலை நொடிக்கு 600 முறை அளந்து, "இப்போ இவ்வளவு வேகம் தாங்கும்" என்று டவருக்குச் சொல்கிறது. டவர் 1.67 மில்லிநொடிக்கு ஒருவர் என்று தன் முழு சக்தியையும் ஒரே போனுக்குக் கொடுக்கிறது. எச்.எஸ்.டி.பி.ஏ.வுக்கு முந்தைய 3ஜியான அப்போதைய டபிள்யூ.சி.டி.எம்.ஏ.வோ தூரத்துப் போனுக்கும் 384 கிலோபிட்டை விடாமல் பிடித்துவைக்க, நொடிக்கு 1500 முறை சக்தியைத் திருத்திக்கொண்டிருந்தது. ஓரத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேரே டவரின் சக்தியைக் குடித்துவிடுவார்கள். பிறகு எச்.எஸ்.டி.பி.ஏ.வும் 2 மில்லிநொடித் துண்டுகளோடு அதே வழிக்குத்தான் வந்தது. ஈ.வி.டி.ஓ. சறுக்கிய இடம் வேறு: குரலுக்குத் தனி அலை. அழைப்பு வந்தால் பெரும்பாலான போன்களில் டேட்டா நின்றுவிடும்.

எல்.டி.இ. (4ஜி) மீதான பக்திக்கும் இதே வகுத்தல்தான் மருந்து. 150 மெகாபிட் என்பது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு ஆன்டெனாவோடு. ஒற்றை ஆன்டெனாவுக்கு ஹெர்ட்ஸுக்கு 3.75 பிட்தான். எச்.எஸ்.டி.பி.ஏ.வின் மேம்பட்ட வடிவமான 21 மெகாபிட் எச்.எஸ்.பி.ஏ. பிளஸ் அதே ஒற்றை ஆன்டெனாவில் 4.2 தருகிறது! எல்.டி.இ.யின் உண்மையான பலம் 1.4 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைத்த அகலத்தில் பொருந்திக்கொள்வதும், 1 மில்லிநொடித் துண்டுகளால் தாமதம் குறைவதும்தான். இவற்றை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

எல்.டி.இ.யோடு போட்டியிட்ட வைமேக்ஸ் விஷயமும் அப்படியே. இறக்கத்தில் (டவுன்லோடில்) இரண்டுக்கும் பெரிய பேதமில்லை, இரண்டுமே டேட்டாவைப் பல துணை அலைகளில் பிரித்து அனுப்பும் ஓ.எஃப்.டி.எம்.ஏ. ஏற்றத்திலும் (அப்லோடிலும்) வைமேக்ஸ் அதையே வைத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான துணை அலைகள் ஒரே கணத்தில் ஒன்றுகூடினால் சிக்னல் திடீரென்று உயரும். அந்த முகட்டில் போனின் ஆம்ப்ளிஃபையர் சிதைக்காமல் இருக்க, சராசரி சக்தியைக் குறைத்து ஓட்ட வேண்டும். பேட்டரி வீணாகும், டவர் எல்லையில் அப்லோடு முதலில் சாகும். எல்.டி.இ. ஏற்றத்துக்கு, ஒற்றை அலைபோல அனுப்பும் எஸ்.சி.-எஃப்.டி.எம்.ஏ.வை எடுத்து, அந்த முகட்டை 2, 3 டெசிபல் தாழ்த்தியது. கையடக்கக் கருவிக்கு அது பெரிய தொகை.

ஆகவே எந்த நெட்வொர்க்கை ஒப்பிட்டாலும் டவர் அடியில் நின்று அளக்காதீர்கள். போனின் நெட்வொர்க் விவரத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. (டவர் சிக்னலின் பலம்) −110 டி.பி.எம். பக்கம் இறங்கும் இடத்துக்குப் போங்கள். முதலில் அப்லோடு, அடுத்து பிங் (பதில் வரும் தாமதம்), கடைசியில் டவுன்லோடு. கூட்டமான நேரத்தில் ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை. சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் வேகம் வராவிட்டால் எஸ்.ஐ.என்.ஆர். எண்ணை, அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே என்பதை, பாருங்கள். அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் பக்கத்து டவரின் இரைச்சல்தான் காரணம். 20-க்கு மேல் இருந்தும் ஊர்ந்தால் டவரில் நெரிசல், அல்லது அதன் பின்னால் போகும் இணைப்பு சிறியது. இந்த இரண்டாவது கோளாறை எந்தப் புதுத் தலைமுறைப் போனும் சரிசெய்யாது.