வயதைக் கேட்கும் முன் குளத்தைக் கேளுங்கள்

சீனாவின் ஹாங்சோ நகரச் சந்தையில் எடுத்த அந்த ஆமைக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "முற்றிய ஆண் ஆமைதான் சத்து, குட்டியும் பெட்டையும் வீண்" என்று அதில் சொன்னதை நான்கு வரியில் மறுத்தேன். "ஆமை தின்று வந்த அறிவு" என்று பதில் வந்தது. சிரித்தவர்களில் என் உறவினரும் இருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றுதான். ஆமையின் வயதையும், ஆணா பெட்டையா என்பதையும் கேட்பதற்கு முன்னால், அது எங்கே, எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்க வேண்டும். சீனப் பண்ணைகளில், ஓடு தோல்போல் மெத்தென்றிருக்கும் இந்தச் சீன மென்னோட்டு ஆமையை உணவுக்காக முக்கியமாக இரண்டு விதமாக வளர்க்கிறார்கள். நீரை 30 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்கும் கொட்டகையில் அது குளிர்கால உறக்கமே இல்லாமல் தின்று, ஒன்று ஒன்றரை ஆண்டில் அரைக் கிலோவை எட்டிவிடும். திறந்த குளத்திலோ ஒவ்வொரு குளிர்காலமும் சேற்றுக்குள் உறங்கி எழுந்து, விற்பனைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே சந்தையில் இளசு என்றால் பெரும்பாலும் கொட்டகை, முற்றியது என்றால் குளம். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, வேறுபாடு முழுவதையும் வயதின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? கொழுப்பில் ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பு எவ்வளவு என்பதைக்கூடத் தீவனத்தில் கலக்கும் மீன்தூள்தான் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஆண், பெட்டை விஷயமும் அப்படித்தான். ஒரே வயதில் ஆண் பெரிதாக வளர்வதால் விலை கூடுதல்; விலை கூடியதாலேயே சத்தும் கூடிவிடாது. பருவமடைந்த பெட்டை, சேர்த்த கொழுப்பையும் புரதத்தையும் முட்டையின் மஞ்சள் கருவுக்கு அனுப்புகிறது. முட்டையிடும் முன் அறுத்த பெட்டையும் இட்டு முடித்த பெட்டையும் ஒன்றல்ல. ஒரே குளம், ஒரே தீவனம், ஒரே பருவம், உடலின் ஒரே பாகம் என்று வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

"முற்றிய ஆமையின் சுவை பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யில்லை. வயது ஏற ஏறக் கொலாஜன் (தோலையும் தசைநாரையும் பிடித்து நிறுத்தும் புரதம்) இழைகள் தம்முள் பிணைந்து இறைச்சி இறுகும். ஆனால் அது வாய்க்குத் தெரியும் இறுக்கம். ஓட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள மெத்தென்ற தோல் எவ்வளவு தடித்தாலும், அதிலுள்ள புரதம் பெரும்பாலும் கொலாஜன்தான்; கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்னும், உணவிலிருந்தே நாம் பெற வேண்டிய இன்றியமையாத அமினோ அமிலம் கிடையாது. அன்ஹுய் மாகாணத்துச் சமையலில் குதிரைக் குளம்பளவே உள்ள சின்ன ஆமைக்குத்தான் பெருமை. அவர்களுக்கு நாக்கு இல்லையா?

எனக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல. ஹாங்சோவில் எனக்குக் குழந்தை பிறந்தபோது, பக்கத்து வீட்டு ஆயி (அங்கே அத்தை வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள்) "ஐந்து வயதுக் குளத்து ஆமை" என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் பெரும் பணம் கொடுத்து வாங்கி வந்தார். கழுவும்போது நகங்களைப் பார்த்தார். எல்லாம் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் தேய்ந்து மழுங்கியிருந்தன. என்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். வயது என்பது விற்பவர் வாயிலிருந்து வருகிற சொல் என்பதை நான் கற்றது அந்த அடுப்படியில்தான். அந்த ஆமையில் வைத்த சாற்றை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அதில் அவருடைய அன்பு இருந்தது. அந்த நினைவைத்தான் "ஆமை தின்று வந்த அறிவு" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

சித்தி மகனே, நீயும் சிரித்திருந்தாய். காணொளியில் வந்த அந்த ஆமை எந்தக் குளத்தில் வளர்ந்தது என்று ஒரு முறையாவது கேட்டாயா, தம்பி?