எந்த முன்னோர், எந்த எலும்பு?

"ஆதி மனுஷன் சோறா தின்னான் மச்சான்? கறிதான் தின்னான். எலும்பே சொல்லுது" என்பார் என் தங்கை வீட்டுக்காரர். அவர் பேலியோ, அதாவது தானியம் தொடாமல் கறியும் முட்டையும் தின்கிற கட்சி. எதிர்க்கட்சியும் எங்கள் வீட்டிலேயே உண்டு. "நம் முன்னோர் கம்பும் கேழ்வரகும்தான் சாப்பிட்டார்கள், அரிசியெல்லாம் நேற்று வந்தது" என்று தினமும் காலையில் வாட்ஸப்பில் அனுப்பும் என் சித்தப்பா. இரண்டு பேருமே முன்னோரைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊர் முன்னோர்? எந்த எலும்பு?

எலும்பு பேசும் என்பது உண்மைதான். நாம் தின்பதுதான் எலும்பாகிறது. கார்பனில் எடை குறைந்தது, கூடியது என இரண்டு வகை அணுக்கள் உண்டு. நெல், கோதுமை, பருப்பு, மரங்கள் எல்லாம் கூடுதல் எடையுள்ளதை நிறையவே ஒதுக்கிவிடும். கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, கரும்பு, அருகம்புல் அவ்வளவாக ஒதுக்காது. ஆய்வகக் கணக்கில் முதல் கூட்டம் மைனஸ் 26-ஐ ஒட்டி நிற்கும், இரண்டாவது மைனஸ் 12-ஐ ஒட்டி. தின்றவர் எலும்பில் எண் கொஞ்சம் ஏறும், ஆனால் இடைவெளி அப்படியே தங்கும். அதாவது சோறு தின்றவரையும் கம்பங்கூழ் குடித்தவரையும் செத்து ஆயிரம் வருடம் கழித்தும் பிரித்துச் சொல்லலாம். 1978-ல் வட அமெரிக்கப் பழங்குடிகளின் எலும்பில் மக்காச்சோளம் எப்போது நுழைந்தது என்று கண்டது இந்த வழியில்தான். ஐரோப்பாக்காரனுக்குக் கோதுமையும் பார்லியும் ஒரே கூட்டம், இந்தக் கணக்கில் பிரியாது. நமக்கு அரிசியும் சிறுதானியமும் தனித்தனிக் கூட்டம். இந்த ஆய்வுக்கென்றே அமைந்த மாதிரி ஒரு சாப்பாட்டு மரபு நம்முடையது.

அடுத்தது நைட்ரஜன். இதிலும் எடை கூடிய அணு உண்டு; அதன் எண் புல்லைவிட ஆட்டில் மூன்று நான்கு புள்ளி கூடும், ஆட்டைத் தின்றவனிடம் இன்னும் மூன்று நான்கு. கடலில் இந்த ஏணி ரொம்ப நீளம். நெத்திலி சின்னதைத் தின்னும், நெத்திலியை வஞ்சிரம் தின்னும், வஞ்சிரத்தை நாம் தின்போம். கடலூர் முதுநகர்க்காரர் எலும்பை எடுத்தால் இந்த ஏணி முழுக்கத் தெரியும். அங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. கடல் மீனின் கார்பன் எண் சிறுதானியப் பக்கமாகச் சாயும். அதனால் சோறும் மீனும் தின்றவர், கார்பனை மட்டும் பார்த்தால், அரிசியும் கம்பும் கலந்து தின்றவர் போலவே இருப்பார். நைட்ரஜனையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு குழுவில் சண்டைக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, கறிக் கட்சிக்கு வருவோம். குரோஷியாவின் விந்தியா குகையில் கிடைத்த நியண்டர்தால் (அழிந்துபோன ஒரு மனித இனம்) எலும்பில் நைட்ரஜன் எண் மிக அதிகம் என்று 2000-ல் வந்த ஆய்வு அவர்களுக்குப் பிடித்தமானது. ஆய்வு சரியானதுதான். ஆனால் ஸ்பெயினில் எல் சித்ரோன் குகை நியண்டர்தால்களின் பற்காரையில், அதாவது பல்லில் படிந்து இறுகிய அழுக்கில், காளானும் பைன் கொட்டையும் பாசியும் தின்ற தடயம் கிடைத்ததை யாரும் ஷேர் செய்வதில்லை. மொராக்கோவில் தஃபோரால்ட் குகையில் சுமார் 15,000 வருடம் முன்பு வாழ்ந்த வேட்டைச் சமூகம் செடி கொடி உணவையே நிறைய நம்பியிருந்தது என்று 2024-ல் வந்தது. விவசாயத்துக்கு முந்தைய ஆட்கள் அவர்கள், நம்மைப் போன்ற மனிதர்கள், நியண்டர்தால் அல்ல.

தோற்றத்தை நம்பி ஏமாந்த கதையும் இருக்கிறது. 1959-ல் மேரி லீக்கி தான்சானியாவின் ஓல்டுவாயில் மனிதனுக்குச் சொந்தக்கார ஆதி இனம் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அம்மிக்கல் மாதிரி கடைவாய்ப் பல், முரட்டுத் தாடை. கொட்டை உடைப்பவன் என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் அந்த இனத்தின் பற்களின் கார்பனைப் பார்த்தால், சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல், கோரை வகையறா!

என் மாப்பிள்ளைக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. தானியமே தொடாமல் அவர் தின்கிற பிராய்லர் கோழியும் நாமக்கல் முட்டையும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் வளர்ந்தவை. மக்காச்சோளமும் கம்பு கூட்டம்தான். ஆயிரம் வருடம் கழித்து இவர் எலும்பை எடுப்பவர் கார்பனை மட்டும் பார்த்தால், "இவர் நிறைய சோளம் சாப்பிட்டிருக்கிறார்" என்று எழுதுவார். சித்தப்பா கட்சிக்கு ஒரு ஓட்டு!

சித்தப்பா கட்சியும் குதிக்க வேண்டாம். பழனி பக்கம் பொருந்தலில் ஒரு ஈமக்குழியில் ஜாடி நிறைய, சுமார் இரண்டு கிலோ, நெல் கிடைத்தது. காலம் கி.மு. 490 என்று வந்தது. ஆக அரிசி நேற்று வந்ததல்ல. அதற்காக அவர்கள் தினமும் சோறு தின்றார்கள் என்றும் சொல்லக் கூடாது. திதிக்கு வைத்த வடையைப் பார்த்து எங்கள் தாத்தா தினமும் வடை தின்றார் என்று எழுத முடியுமா? செத்தவருக்குப் படைத்ததைத்தான் குழி காட்டும். அவர் உயிரோடு எதைத் தின்று வளர்ந்தார் என்பதைப் பல்தான் காட்டும்.

எனக்கு ஆதங்கம் இங்கேதான். நம் ஊரில் அகழாய்வு என்றாலே "எத்தனை வருடப் பழசு" என்பதுதான் முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும். கீழடியை ஒட்டிய கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளுக்கு இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒன்றில் முகம் செய்து 2025-ல் காட்டினார்கள். நானும் பார்த்து ரசித்தேன். அந்த வாய் என்ன தின்றது என்ற பேச்சுதான் முகநூலில் என் கண்ணில் படவில்லை. அரிக்கமேட்டுக்குப் போனாலும் ரோமானிய மது ஜாடிக் கதைதான். 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியதிலிருந்து அதே கதை. அந்த ஜாடியைத் தூக்கி இறக்கியவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

செலவும் சிரமமும் இருக்கிறது, மறுக்கவில்லை. நம் வெயிலும் ஈரமும் எலும்பில் இந்த எண்களைத் தரும் கொலாஜன் என்ற புரதத்தைத் தின்றுவிடும். செம்மண்ணில் அமிலம் வேறு, எலும்பே கரைந்துபோகும். ஆனால் பல் எனாமல் தாக்குப்பிடிக்கும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையில் முப்பது லட்சம் வருடத்துக்கும் மேல் பழைய ஆஸ்ட்ரலோபித்தேகஸ் என்ற, மனிதனுக்கு முந்தைய இனத்தின் பற்களின் எனாமலிலிருந்தே நைட்ரஜனை அளந்து, கறி தின்ற அடையாளம் பெரிதாக இல்லை என்று 2025-ல் சொல்லிவிட்டார்கள். முப்பது லட்சம் வருடப் பல்லில் முடிந்தது, நம் ஊர்த் தாழியில் கிடைக்கும் பல்லில் முடியாதா? எனாமல் சின்ன வயதில் உருவாகி அப்படியே நின்றுவிடும் என்பதால், குழந்தையாக இருந்தபோது வீட்டில் என்ன போட்டார்கள் என்பது வரை கேட்கலாம்.

மருங்கூரில், நம் கடலூர் மாவட்டத்திலேயே, தொல்லியல் துறை 2024-ல் அகழாய்வு தொடங்கியது. கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். அந்தப் பக்கம் அந்தக் காலத்திலேயே கருவாடு போய்ச் சேர்ந்ததா? வீட்டுக்கு வீடு சாப்பாடு வேறுபட்டதா? இதுமாதிரி இடங்களில் பல் கிடைத்தால், பசை தடவி ஒட்டுவதற்கு முன் ஒன்றிரண்டைத் தனியாக எடுத்து வைக்கட்டும். கூடவே கிடைக்கும் மாட்டெலும்பையும் மீன் முள்ளையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்கட்டும். அந்த ஊர் மாடும் மீனும் எந்த எண்ணில் நிற்கின்றன என்று தெரியாமல் மனிதன் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.