கருக்கலைப்பும் மார்பகப் புற்றுநோயும்: ஒரு திருத்தம்
கருக்கலைப்பு செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. இந்தக் குழப்பத்துக்குக் காரணமே ஊர்ப்பேச்சுக்குப் பயப்படுவதுதான். பழைய ஆய்வுகள் பல, நோய் வந்த பிறகு நேரில் கேட்டு எழுதியவை. நோயாளி காரணம் தேடி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்; நோயில்லாதவர் கூச்சப்பட்டு “இல்லை” என்பார். இல்லாத தொடர்பு அங்கே முளைத்துவிடும்.

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில் யாரையும் கேட்கவில்லை. 15 லட்சம் பெண்களின் அரசுப் பதிவேடுகளை ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் ஒப்பீட்டு அபாயம் (கருக்கலைப்பு செய்தவர்களின் அபாயம், செய்யாதவர்களுடையதைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 1.00, அதாவது கூடுதல் ஏதுமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில், ஆய்வாளர் பெயரோடு ‘Melbye 1997 abortion breast cancer’ என்று தேடினால் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும்.

வேறு ஆய்வை யாராவது நீட்டினால் ‘முறைகள்’ பகுதியைப் பாருங்கள்: தகவல் நோய்க்கு முன்பே பதிவானதா, பிறகு கேட்டதா? 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் 53 ஆய்வுகளை இப்படிப் பிரித்தபோது ஒப்பீட்டு அபாயம் முன்பே பதிவானவற்றில் 0.93, பிறகு கேட்டவற்றில் 1.11.