டெல்லி பஸ்ஸும் எங்கட கடல்காத்தும்

"டெல்லியில பஸ்ஸெல்லாம் டீசலை விட்டு சிஎன்ஜிக்கு (அழுத்தின இயற்கை வாயுவுக்கு) மாறியும் காத்து சுத்தமாகேல்லை, அதால மாத்தினதில பிரயோசனமில்லை. திருகோணமலைக்குக் கடல்காத்து இருக்கு, டீசல் புகை ஒண்டும் செய்யாது" எண்டு எழுதியிருக்கிறியள். ரெண்டும் பிழை அண்ணை.

1998இல உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2002 முடியேக்க டெல்லி நகர பஸ்கள் மாறிட்டுது. பஸ்ஸின்ர கரும்புகை அதோட நல்லாக் குறைஞ்சது. இண்டைய புகைமூட்டத்துக்குப் பெருகின மற்ற வாகனங்கள், கட்டடத் தூசி, பஞ்சாப், ஹரியானா வயல்களில வைக்கல் எரிக்கிறது எண்டு காரணங்கள் வேற. (சிஎன்ஜியிலயும் நைதரசன் ஒட்சைட்டு வரும், அதையும் சொல்லத்தான் வேணும்.)

கடல்காத்து புகையைக் கலைக்கும், உண்மை. ஆனா பஸ் நிலையத்தில, எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்கிற பஸ்ஸுக்குப் பின்னால நிக்கிற பிள்ளை அது கலையமுந்தியே சுவாசிச்சிடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின்ர புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலயே வகைப்படுத்திட்டுது.