எச்-குறியீடு 40 என்றால் 40 விழுக்காட்டினர் குணமடைந்ததாகப் பொருளா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: நல்வாழ்வை ஆராயும் சமூக உளவியல் பேராசிரியர் ஒருவரின் எச்-குறியீடு 40, ஆகவே அவருடைய மனநலத் திட்டத்தில் சேர்பவர்களில் 40 விழுக்காட்டினருக்கு மன அழுத்தம் தீரும். இது தவறு.

எச்-குறியீடு விழுக்காடே அல்ல. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்ற ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டுகின்றன என்று பார்க்க இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு அது. அந்தப் பேராசிரியருடைய 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன, அவ்வளவுதான். மறுத்து எழுதியவர் காட்டும் மேற்கோளும் இதில் சேரும். மனநிலையை அளக்கும் கருவியை உருவாக்கியதற்காகவும் மேற்கோள் குவியும். எடுத்துக்காட்டாக, உளவியலாளர் எட் டீனர் குழுவினர் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை மனநிறைவு அளவுகோலில் ஐந்தே வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள் வழக்கமாக அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுவார்கள். அதனால் யாருடைய மனச்சோர்வும் குறைந்துவிட்டதாக ஆகாது.

பேராசிரியரைக் குறை சொல்லவில்லை. கல்வி உலகில் 40 மதிப்புக்குரிய எண். ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த நம் குடும்பங்களின் மனநலத்தை அந்த எண்ணை நம்பி ஒப்படைக்க முடியாது. சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டார்களா, சில மாதம் கழித்தும் அளந்தார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இப்போதே உளைச்சலில் இருப்பவர்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள்.